இழு, விடு

ஒரு கோடு. இளஞ்சிவப்புத் திரவத்துக்கு அடியில், கோடையில் வற்றிப்போன தாமிரபரணி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. இரண்டு கரையிலும் உயிர்.

கரை என்றால் மனிதக் குடலின் உட்சவ்வு. ரப்பர் ஏட்டின் மேல் நெருக்கியடித்து வளர்ந்த செல்கள். கோடு என்றால் காயம். சங்கரவடிவு தன் கையாலேயே கீறியது.

இழு. விடு. இழு. விடு.

ஏடு இன்குபேட்டருக்குள். அதை இழுக்கும் மோட்டார் வெளியே, மேசை மேல். நிமிடத்துக்குப் பத்து தடவை. வயிற்றுக்குள் குடல் அப்படித்தான் அசைகிறது, யாரும் கைதட்டாமல்.

அசைகிற குடலில் காயம் எப்படி ஆறுகிறது? வடிவின் நாலு வருடம் இந்த ஒரு கேள்விக்குள் போய்விட்டது. சும்மா கிடக்கும் காயத்தைவிட, அசையும் காயம் சீக்கிரம் மூடுகிறது. அடியில் பூசிய புரதம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். இரண்டு முறை பார்த்துவிட்டாள். மூன்றாவது முறையும் வந்தால் வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு முன் நிற்கலாம். வராவிட்டால் முனைவர் பட்டப் பதிவு ரத்து. கைவசம் இருந்த செல்களும் இவைதான் கடைசி.

செவ்வாய் காலை எட்டு மணிக்குக் கரைகள் நகரத் தொடங்கியிருந்தன. மோட்டார் மேல் கொட்டை எழுத்தில் ஒரு தாள் ஒட்டினாள். நிறுத்தாதீர்கள். குளிக்க விடுதிக்குப் போனாள். உட்கார்ந்த இடத்தில் தூங்கிப்போனாள்.

திரும்பி வந்தபோது மழை. ஆய்வகம் பூட்டியிருந்தது.

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். மோட்டார் மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. எதிரே வாழையிலை, பொரி, கடலை. பச்சை விளக்கு எரியவில்லை. நிறுத்தாதீர்கள் என்ற தாளின் மேல் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம்.

ஆயுத பூஜை.

உதவியாளர் அந்தோணி வராந்தாவில் நின்றார். "யம்மா, என்னைய மொறைக்காதிய. நான் வேதக்காரன். பதினோரு மணிக்குப் பூதலிங்கம் சார் அணைக்கச் சொன்னாவ, அணைச்சேன். சாவியையும் கொண்டு போயிட்டாவ. சூடு ஓடுது, இழுக்கது மட்டுந்தான் நிக்கி."

பூதலிங்கம்தான் அவள் நெறியாளர். அவருக்குப் போன் போட்டாள்.

"ஆயுதத்துக்கும் ஒரு நாள் ஓய்வு வேணும்லாம்மா? பூஜைல வச்சத இடைல எடுக்கக் கூடாது. நாளைக்கு எட்டு மணிக்குத் தொறந்திரலாம்." வாயில் சுண்டல் இருந்தது, கேட்டது. அவர் குடலுக்கு அன்று ஓய்வு கிடையாது என்பதை வடிவு குறித்துக்கொண்டாள்.

மழைக்கும் ஓய்வில்லை. இழுத்தது. விட்டது. அவளுக்குப் பசித்தது. தன் குடல் மட்டும் வேலை பார்க்கிறதே என்று அதன் மேலும் கோபம் வந்தது. கண்ணாடியில் நெற்றி வைத்து நின்றாள். மூச்சுப் பட்டு மாலை மறைந்தது. துடைத்தாள். மாலை இருந்தது.

இருபத்தோரு மணி நேரம்.

மறுநாள் மைக்ராஸ்கோப்பில் அதே கோடு. கரைகள் விட்ட இடத்திலேயே திகைத்து நின்றன. ஸ்விட்சைக் குத்தினாள். அமுக்கவில்லை, குத்தினாள்.

இழு. விடு. இழு. விடு.

மாலை வெளிச்சத்தில் ஒரு செல் கால் நீட்டியது. பிறகு அடுத்தது. வியாழன் மதியம் கோடு பாதியானது. அசைந்தால் நகர்கிறது, நின்றால் நிற்கிறது, மறுபடி அசைந்தால் மறுபடி நகர்கிறது. நாலு வருடத்தில் இவ்வளவு சுத்தமான விடை கிடைத்ததில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பூதலிங்கம் எட்டிப் பார்த்தார். "பாத்தியா, சரஸ்வதி கைவிடல. திட்டம் போட்டு நிறுத்துனோம்னு எழுதிரு."

"போடலயே சார்."

"கையெழுத்து நான்தான போடணும்?"

வடிவு எழுதினாள். இயந்திரம் நின்ற நேரம்: இருபத்தோரு மணி. காரணம்: ஆயுத பூஜை. நிறுத்தச் சொன்னவர்: நெறியாளர். எச்சரிக்கை: இருந்தது, படம் ஒன்று.

கையெழுத்து விழவில்லை.

வெள்ளிக்கிழமை கையெழுத்தில்லாத அந்த அறிக்கையோடுதான் குழு முன் நின்றாள். திரையில் படம் ஒன்று. குங்குமப் பொட்டு வைத்த நிறுத்தாதீர்கள். குழுத் தலைவர் ரெஜினா அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். பூதலிங்கம் கூரையின் மின்விசிறியை ஆராய்ந்தார்.

"சந்தனம் யாரு வச்சது?"

"சார்தான் மேடம்."

"நிறுத்துனது விபத்து. அத ஒளிக்காம எழுதியிருக்க. இனி நீயே நிறுத்தி, நீயே ஓட்டிக் காட்டு. புது செல்லுக்கு நான் சொல்றேன். ஆறு மாசம் தாரோம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தி முடிச்சிரு."

யாரோ சிரித்தார்கள். வடிவு சிரிக்கவில்லை.

ஆய்வகத்துக்கு வந்து குனிந்து பார்த்தாள். இளஞ்சிவப்புத் திரவம். அடியில் கோடு இல்லை. கரை கரையைத் தொட்டிருந்தது. எங்கே கீறினோம் என்றே தெரியவில்லை. இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டதே என்று அதன் மேலும் கோபம் வந்தது.

தாளில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. துடைக்கவில்லை. பேனாவை எடுத்துக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: சாமி சொன்னாலும்.

இழு. விடு.