ஓஸ்மாரின் கணுக்கால் பிடி

2009 ஜூலையில் ஓஸ்மார் என் கடைக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டவை அவருடைய காதுகள்தான். இரண்டும் வீங்கி, மடங்கி, கெட்டிப்பட்டிருந்தன. சிதம்பரம் கீழ வீதியில் ஐந்து கம்ப்யூட்டரோடு பிரவுசிங் சென்டர் நடத்திய எனக்கு வெளிநாட்டுக்காரர்கள் புதிதல்ல. கோயில் பார்க்க வருவார்கள், நாட்டியம் படிக்க வருவார்கள், ஊருக்கு மெயில் அனுப்ப என்னிடம் வருவார்கள். ஆனால் தான் அடிவாங்கும் வீடியோவைத் தேடி எடுத்து, நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி மறுபடி பார்த்த ஒரே ஆள் இவர்தான்.

அவருடைய மனைவி லூசியானா இரண்டு வருடமாக இங்கே பரதநாட்டியம் கற்றுக்கொண்டிருந்தார். கூடப் படிக்கும் பெண்களிடமிருந்து தமிழும் வந்துவிட்டது.

"பிரேசில்ல கூண்டுக்குள்ள சண்ட போடுற ஆளுங்க இவுரு. வரிசையா மூணு தோத்துட்டாரு. அதான் இப்படி ஒக்காந்து பாத்துக்கினு இருக்காரு" என்றார்.

அந்தச் சண்டை எப்படி நடக்கும் என்று சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். கம்பி வலை அடித்த கூண்டுக்குள் இரண்டு பேர். ஐந்து நிமிடம் வீதம் மூன்று சுற்று. குத்தலாம், உதைக்கலாம், கட்டிப்பிடித்துக் கீழே தள்ளலாம், தரையில் உருளலாம். தாங்க முடியாதவர் கையால் இரண்டு தட்டு தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். யாரும் தட்டாமல், யாரும் மயங்காமல் நேரம் முடிந்தால், வெளியே உட்கார்ந்திருக்கும் மூன்று நடுவர்கள் புள்ளி போட்டு முடிவு சொல்வார்கள்.

ஓஸ்மார் கற்றது பிரேசில் ஜூஜிட்சு. கீழே விழுந்த பிறகுதான் அது தொடங்கும். தெருவில் இருக்கும் கைப்பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான கைப்பிடியின் நுனியை லேசாக அழுத்தினாலே உள்ளே இருக்கும் கனமான தண்டு எழும்பும். எதிராளியின் முன்கைதான் கைப்பிடி, முழங்கை மூட்டுதான் கீல். ஓஸ்மார் படுத்தபடி அந்தக் கையைத் தன் கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு இடுப்பைத் தூக்குவார். அவருடைய மொத்த உடம்பும் ஒரே ஒரு மூட்டின் மேல் வேலை செய்யும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் தட்டித்தான் ஆக வேண்டும். 2002-லிருந்து, இந்த மூன்று தோல்விக்கு முன்புவரை, பதினாறு சண்டை போட்டு, பதினான்கில் இப்படித்தான் ஜெயித்திருந்தார்.

பிறகு எதிராளிகள் விவரமானார்கள். இவரைத் தரையில் ஜெயிக்க முடியாது, அதனால் தரைக்கே போகக்கூடாது என்று முடிவு செய்தார்கள். இவர் குனிந்து இரண்டு கால்களையும் கட்டிப்பிடிக்கப் பாய்வார். அவர்கள் சட்டென்று கால்களைப் பின்னால் எறிந்து, நெஞ்சை இவருடைய முதுகில் சாய்த்து எடையைப் போடுவார்கள். நெல் மூட்டை மேலே விழுந்தவர்போல இவர் அப்படியே குப்புற அமுங்குவார். எழுந்தால் முகத்தில் குத்து. மூன்று வீடியோவிலும் இதே கதை.

நாலாவது சண்டைக்கான மெயிலை நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அக்டோபர் பதினேழு, சாவ் பாவ்லோ. தோற்றால் ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது என்று கம்பெனி நேராகவே எழுதியிருந்தது. வரிசையாக நாலு தோற்ற முப்பத்து மூன்று வயதுக்காரரை வேறு கம்பெனியும் சேர்த்துக்கொள்ளாது. ஓஸ்மார் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடி வீடியோவுக்குத் திரும்பினார்.

அவருக்குப் பின்னால் நின்று நானும் பார்த்தேன். எதிராளி குத்துவதற்காக ஒவ்வொரு முறையும் இடது காலை முன்னே வைத்தான். எனக்குக் கை அரித்தது. காலேஜில் நான் கபடி ஆடியவன். என் அணியில் உத்திராபதி என்று ஒருவன் இருந்தான். அப்படி ஒரு கால் அவன் எதிரே வந்திருந்தால் திரும்பிப் போயிருக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓஸ்மாரையும் லூசியானாவையும் கடலூர் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன்.

உத்திராபதி மீனவர் குடும்பம். விசைப்படகில் வேலை. ஞாயிறு சாயங்காலம் கடற்கரை மணலில் அவர்கள் ஊர் அணி பயிற்சி செய்யும். பழைய வலைக் கயிற்றை இழுத்துக் கட்டியதுதான் கோடு. அணியின் தலைவன் காத்தவராயன், உத்திராபதியின் அக்கா புருஷன்.

"என்னா சிவசங்கரு, இவுரு காது பொரிச்ச அப்பளமாட்டம் இருக்கு" என்றார் காத்தவராயன்.

"மாமா, அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியும்" என்றேன்.

"அப்பளம்னா நல்லதுதானே சொன்னேன்" என்றார் அவர், லூசியானாவைப் பார்த்துக் கும்பிட்டபடி.

ஓஸ்மாரை ரைடு அனுப்பினோம். மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போய் யாரையாவது தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்று லூசியானா விளக்கினார். பிரேசில்காரர்களின் நாக்கில் 'டி' என்பது 'ஜி' ஆகிவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது. ஓஸ்மார் "கபாஜி கபாஜி" என்று பாடிக்கொண்டு வந்தார்.

"பஜ்ஜி கடை போடப் போறாரு போல" என்று காத்தவராயன் சொல்லி முடிப்பதற்குள் ஓஸ்மார் மணலில் கிடந்தார். உத்திராபதி கணுக்காலைப் பிடித்திருந்தான்.

எழுந்து சிரித்தார். மறுபடி போனார். மறுபடி விழுந்தார். ஏழு முறை. ஏழாவது முறை மணலிலேயே உட்கார்ந்து, பிடித்த இடத்தைத் தடவிப் பார்த்து, "எப்படி" என்று தமிழிலேயே கேட்டார்.

உத்திராபதிக்குச் செய்யத்தான் தெரியும், சொல்லத் தெரியாது. பத்துத் தடவை நிறுத்தி நிறுத்திச் செய்யவைத்துப் பார்த்தபோது எனக்கே அன்றுதான் முழுதாகப் புரிந்தது. அவன் முகத்தைப் பார்ப்பதே இல்லை. பெருவிரலைப் பார்க்கிறான். காலை முன்னே வைக்கும்போது ஒரு கணம் அந்தக் கால் தரையைத் தொட்டிருக்கும், ஆனால் எடை இன்னும் முழுக்க ஏறியிருக்காது. அந்தக் கணத்தில் ஒரு முட்டி போட்டு இறங்கி, இரண்டு கைகளையும் குதிகாலுக்குப் பின்னால் கோத்துக் காலைத் தன் நெஞ்சுக்கு இழுக்கிறான். கூடவே தோளால் முழங்காலை முன்பக்கமிருந்து தள்ளுகிறான். கீழே இழுப்பு, மேலே தள்ளல். காலின் சொந்தக்காரர் உட்கார்வதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் கை நழுவாததற்குக் காரணம், தினமும் ஈர வலைக் கயிறு இழுப்பது. விரல் நுனியால் பிடிக்காமல் மணிக்கட்டை உள்பக்கம் மடக்கிப் பிடிப்பான்.

இரண்டு கால்களையும் கட்டிப்பிடிக்க ஆறடி பாய வேண்டும். ஒரு கணுக்காலுக்கு இருந்த இடத்தில் இறங்கினால் போதும். முதுகில் எடை போட எதிராளிக்கு நேரமே கிடைக்காது.

அதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ஓஸ்மார் கடலூர் போனார். கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து உத்திராபதி எனக்கு மிஸ்டு கால் கொடுப்பான். செப்டம்பருக்குள் ஊர் அணியில் ஓஸ்மார் பிடிக்காத கால் இல்லை. காத்தவராயன் இரண்டு முறை விழுந்து, மணல் ஈரம் ஜாஸ்தி என்று காரணம் சொன்னார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் லூசியானா என்னிடம் மெதுவாகக் கேட்டார். "சார், இவுரு புடிச்சதும் ஏன் உட்டுடுறாரு?"

பார்த்தேன். ஓஸ்மார் ஒருவனை வீழ்த்தினார். மூன்று, நாலு விநாடி. பிறகு கைகள் தாமாகத் திறந்தன. விழுந்தவன் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போனான். அடுத்தவன் வந்தான். அதேதான்.

கபடியில் பிடி என்பது ஒரு மூச்சு நீளம்தான். ரைடரின் பாட்டு நின்றதும் அவன் அவுட். அதற்கு மேல் பிடித்திருப்பது தப்பு, சண்டை வந்துவிடும். அதனால் பிடிக்கிறவனின் கைக்குப் பாட்டு நிற்பதே உத்தரவு. நாங்கள் யாரும் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. எங்களுக்கே அது இருப்பது தெரியாது. பிடியோடு சேர்ந்து அதுவும் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. கூண்டுக்குள் நாலு விநாடியில் கையை விட்டால் எதிராளி எழுந்து முகத்தில் குத்துவான்.

மாற்றப் பார்த்தோம். விழுந்தவன் எழக்கூடாது, படுத்தபடியே முரண்டு பிடிக்க வேண்டும் என்று விதி போட்டேன். நடக்கவில்லை.

"அவுட்டானவன் எதுக்குண்ணே படுத்துக் கெடக்கணும்? வெக்கமா இருக்கு" என்றான் ஒருவன்.

உத்திராபதியே விடாமல் பிடித்துக் காட்ட முயன்றான். பாட்டு நின்றதும் அவன் கையும் திறந்துகொண்டது. தன் கையையே முறைத்துப் பார்த்தான்.

"நாமளே அவுரக் கெடுத்துட்டோம் மச்சான்" என்றான் என்னிடம்.

லூசியானா அதை மொழிபெயர்த்தார். ஓஸ்மார் அவன் முதுகில் தட்டிவிட்டு நீளமாக ஏதோ சொன்னார்.

"முன்னாடி பிடிக்கவே முடியல, இப்ப பிடிச்சு உடுறேன், பாதி தூரம் வந்துட்டேன்னு சொல்றாரு" என்றார் லூசியானா. ஆனால் அதைச் சொன்னவர் முகத்தில் சிரிப்பில்லை.

அக்டோபர் ஐந்தாம் தேதி ஓஸ்மார் ஊருக்குப் பறந்தார். வகுப்பு இருந்ததால் லூசியானா இங்கேயே தங்கினார்.

அங்கே சனிக்கிழமை இரவு என்றால் இங்கே ஞாயிறு காலை ஏழு மணி. அந்த வருடம் அது தீபாவளிக்கு மறுநாள். தெரு முழுக்க வெடிக் காகிதம். உத்திராபதியும் காத்தவராயனும் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள், ஒரு தூக்கு நிறைய அதிரசத்தோடு. மற்ற நாலு கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டு ஒன்றில் மட்டும் சண்டையின் நேரடி வீடியோவை ஓடவிட்டேன். அது நின்று நின்று வந்தது.

முதல் சுற்று. எதிராளி, பச்சை டவுசர் போட்ட உயரமான ஆள், இடது காலை வைத்தான். ஓஸ்மார் இறங்கினார். பச்சை டவுசர் உட்கார்ந்தது.

"அப்படித்தான்" என்றான் உத்திராபதி.

நாலு விநாடி. கை திறந்தது. அவன் எழுந்தான். எழுந்ததும் குத்தினான். மறுபடி பிடி, மறுபடி விடுதல், மறுபடி குத்து. சுற்று முடியும்போது ஓஸ்மாரின் புருவம் கிழிந்து ரத்தம் வந்தது. முதல் சுற்று எதிராளிக்குத்தான், யாரும் சொல்லத் தேவையில்லை. லூசியானா அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமலே இருந்தார்.

இரண்டாம் சுற்றிலும் அதேதான். பிடி, விடு. பிடி, விடு. ஆனால் பாதியில் உத்திராபதி திரைக்குக் கிட்டே போனான்.

"மச்சான், அவன் வாயப் பாரு. தம்மு போச்சு."

உண்மை. இங்கேதான் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்துகொண்டிருந்தது. வழக்கமான சண்டையில் கீழே விழுந்தவன் அங்கேயே கொஞ்சம் கிடப்பான், மேலே இருப்பவனைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்குவான். அது ஓய்வு மாதிரி. இங்கே ஓஸ்மார் விட்டுவிடுவதால் அவனுக்கு அந்த ஓய்வு இல்லை. எழ வழி கிடைத்தால் எழுந்துவிட வேண்டும் என்பது அவனுடைய பழக்கம். கை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, கால் உருவி, மொத்த எடையையும் தூக்கி நிற்க வேண்டும். எட்டு முறை விழுந்து எட்டு முறை எழுவது, யாரோ உதைத்துக்கொண்டே இருக்கும்போது தோப்புக்கரணம் போடுவதுபோல. பிடிக்கிறவருக்குச் செலவு ஒரு முட்டி போடுவது மட்டும்தான். இரண்டாம் சுற்றின் கடைசியில் பச்சை டவுசரின் குத்துகள் பாதி தூரத்திலேயே இறங்கிவிட்டன. அந்தச் சுற்று ஓஸ்மாருக்கு.

மூன்றாம் சுற்று தொடங்கி ஒரு நிமிடத்தில் வீடியோ நின்றுபோனது. திரையில் ஓஸ்மார் முட்டி போட்டபடி உறைந்திருந்தார்.

"என்னடா கம்ப்யூட்டரு வச்சிருக்க" என்றார் காத்தவராயன்.

நான் மோடத்தை அணைத்துப் போட்டேன். லூசியானா அதற்குள் பிரேசிலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த தன் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார். அம்மா கத்துவது எங்களுக்கே கேட்டது. லூசியானா கண்ணை மூடிக்கொண்டு தமிழில் சொன்னார்.

"புடிச்சிட்டாரு. உட்டுட்டாரு. புடிச்சிட்டாரு. உட்டுட்டாரு." பிறகு ஒரு இடைவெளி. "அவன் எந்திரிக்கல."

"எந்திரிக்கலியா?" என்றான் உத்திராபதி.

"படுத்தே கெடக்குறானாம். இவுரு மேல ஏறி ஒக்காந்துட்டாரு. இறுக்கிப் புடிக்கக் கை கிடைக்கலியாம், ஆனா எறங்கவும் இல்லியாம். மணி அடிச்சிட்டாங்க."

நடுவர்கள் கணக்குப் பார்க்க இரண்டு நிமிடம் ஆனது. பிறகு போனிலிருந்து வந்த கூச்சலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மூன்று நடுவர்களும் ஓஸ்மாருக்கே கொடுத்திருந்தார்கள்.

உத்திராபதி நாற்காலியில் சாய்ந்து தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். காத்தவராயன் தூக்கை லூசியானாவின் பக்கம் தள்ளினார். "இப்பவாச்சும் தின்னும்மா."

2012-ல் ஓய்வு பெறும்வரை ஓஸ்மார் இன்னும் ஆறு சண்டை போட்டார், நாலில் ஜெயித்தார். கையை விடும் பழக்கத்தை ஆறு மாதத்தில் மாற்றிக்கொண்டார். ஆனால் எதிராளிக்கு மூச்சு வாங்கவைக்க வேண்டுமென்றால் வேண்டுமென்றே விடுவார்.

அது பிற்பாடு. அந்தத் தீபாவளிக்குப் பிறகு வந்த புதன்கிழமை ஓஸ்மார் எனக்கு ஒரு மெயில் அனுப்பினார். கம்பெனி ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டது, மார்ச்சில் அடுத்த சண்டை, ஜனவரியில் வருகிறேன். கீழே ஒரு வரி: அடுத்த எதிராளி இடது கைக்காரன், வலது காலை முன்னே வைப்பான், அதைப் பிடிக்க உத்திராபதி சொல்லித்தருவானா?

உத்திராபதிக்குப் போன் போட்டேன். அவன் வலது கார்னர், பிடிக்கிற அணியில் வலது மூலையில் நிற்கிறவன். பாடி வருகிறவனின் இடது கால்தான் அவன் பக்கம் வரும். பதினைந்து வருடமாக அவன் பிடித்ததெல்லாம் இடது கால். வலது கால் போவது எதிர் மூலைக்கு, இடது கார்னருக்கு.

"எனக்கு அது வராது மச்சான். நம்ம டீம்ல லெஃப்ட் கார்னரு யாரு, உனக்குத் தெரியாதா" என்றான். "இரு, பக்கத்துலதான் இருக்காரு."

போன் கை மாறியது.

"ஜனவரியா?" என்றார் காத்தவராயன். "பொங்கல் முடிஞ்சி வரச் சொல்லு. அப்பளத்த நான் பாத்துக்குறேன்."