அருவதாப் பாத்தி

ஊர் ஜே.பி. என்று கூப்பிடும் சமாதான நீதவான் அப்துல் ஹமீட் அருவதாச் செடிக்கு ஸலாம் சொல்லாத குறைதான். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் பித்தளைச் செம்பில் தண்ணீர் எடுத்து, ஓதி ஊதி, வேரடியில் ஊற்றுவார். தெருவில் எந்தப் பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டவும் இரண்டு கொத்து அருவதா வேண்டுமென்றால் அவரிடம்தான் வரவேண்டும். மாதவிலக்கான பெண்ணின் கை பட்டால் அது பட்டுப்போகும் என்பது ஊர் நம்பிக்கை. அவர் அதைச் சட்டமாக்கி, 'தொடாதே' என்று பலகை எழுதி நட்டு, அடியில் தமது பதவி முத்திரையையும் குத்தியிருந்தார்.

வளவும் வீடும் மனைவி சுஹறாவுக்குச் சீதனமாய் வந்தவை. முப்பத்தொரு வருடத்துக்கு முன் ஒற்றைச் சூட்கேசோடு மாப்பிள்ளையாக வந்தவருக்கு அங்கே ஆட்சி செய்ய அந்த ஒரு முழப் பாத்திதான் இருந்தது.

வயிற்றில் ஒப்பரேஷனுக்கென்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சுஹறா, "அருவதாவப் பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் ஒரு வேளையை மூன்றாக்கினார். ஒன்பதாம் நாள் செடி மஞ்சளித்து, அடி இலைகள் கையோடு வந்தன. செடிக்கு ஒன்று ஆகிவிட்டால் அவளுக்கும்... அதற்கு மேல் நினைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அதனால் அடுத்த வீட்டுச் சுபைறாவின் மகளைச் சந்தேகித்தார்.

பின்னேரம் ஆஸ்பத்திரி வாட்டில் போய் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

"செடி எப்பிடி இரிக்கி?"

"ஆரோ தொட்டிரிக்கா. விசாரணை வெக்கப்போறன்."

"தண்ணி எத்தின தரம் ஊத்துறயள்?"

"மூணு தரம். ஓதித்தான்."

சுஹறா தையலைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அல்லாஹ்வே, வேர் அழுகியிரிக்கும். அது தண்ணிக்கு ஆகாத சாமான். இத்தின நாளும் நீங்க கடைக்குப் போனாப் பொறகு, மண்ணில வக்கடை வெட்டி வடியவிட்டது ஆரு?"

"நீயா? நீ தொட்டயா?"

"கிள்ளினதும் நான்தான், கிளை ஒடிச்சி நட்டதும் நான்தான். மாசத்தில எல்லா நாளும்தான். அது என்னோட கோவிச்சதில்ல."

பத்து ஏக்கர் வயலில் தண்ணீர் வடிய வக்கடை வெட்டி வரம்பு காத்த மனிதருக்கு ஒரு முழப் பாத்தியில் அது தோன்றவில்லை.

"வெள்ளிக்கிழம வீட்டுக்கு விடுறாங்களாம்" என்றாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. "மழ வரப்போகுது. நனைய விடாதீங்க."

ஆட்டோ சந்தியில் திரும்பும்போதே பெருந்துளி விழுந்தது. அவர் உடுப்பு மாற்றவில்லை. பலகையைப் பிடுங்கி, அதன் முனையாலேயே பாத்தியின் ஓரத்தை வெட்டித் திறந்தார். வழக்குத் தீர்க்கப் போகும்போது கொண்டுபோகும் கறுப்புக் குடையை விரித்துச் செடிக்கு மேல் பிடித்தார். கிளையொன்று சாய்ந்தது. கேட்க யாருமில்லை என்றாலும், "மெல்ல, மெல்ல" என்று விரலால் நிமிர்த்தினார். அருவதாவின் கசந்த வாசனை விரலில் ஏறியது. ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை சுஹறாவின் கையில் தினமும் வந்த வாசனை. அதைச் சமையல் வாசனை என்றே அவர் நினைத்திருந்தார்.

வேலிக்கப்பால் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிய முத்தலிப் நின்றான்.

"ஜே.பி. காக்கா! நனஞ்சிக்கிட்டு ஆருக்கு குடை புடிக்கிறயள்?"

"சுஹறாக்கு."

முத்தலிப் ஆஸ்பத்திரி இருக்கும் திக்கைப் பார்த்தான், குடையைப் பார்த்தான், சாக்கை இழுத்து மூடிக்கொண்டு ஓடிவிட்டான். சேற்றுத் தண்ணீர் வக்கடை வழியாக இறங்கி, செருப்பைச் சுற்றி, முத்திரை குத்திய பலகையையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியது. ஹமீட் குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.