எதிர்க்காற்றில் பதினாறு மணி

அப்பாவின் உதட்டில் ஈரப் பஞ்சைத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள் அவள். அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"மணி என்னம்மா?"

"பன்னிரண்டே கால்ப்பா."

"கடலைத் தாண்டியிருப்பான். இன்னும் முக்கால் மணிதான்."

தம்பி எந்தக் கடலையும் தாண்டவில்லை. நேற்று இரவு ஒன்பது மணிக்கு, "தம்பி பிளேன் ஏறிட்டான்ப்பா" என்று அவள் சொன்னது பச்சைப் பொய். வெளிநாடு போய் மூன்று வருஷமாக எட்டிப் பார்க்காத பிள்ளை, போனைக்கூட எடுக்கவில்லை. எட்டு மணிக்கு ஆத்திரம் தாங்காமல் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள்: "அப்பா பொழைக்க மாட்டார். இப்பவும் வரலேன்னா உன்னைத் தலைமுழுகிடுவேன்டா." அதற்கும் பதில் இல்லை.

பொய் சொல்வதற்கும் ஆள் பார்க்க வேண்டாமா? விமானங்களுக்குத் தூரமும் நேரமும் எரிபொருளும் கணக்குப் போடும் வேலையிலேயே முப்பது வருஷம் இருந்தவர் அப்பா. "பதினாலு மணி நேரத்துல வந்துடுவான்ப்பா" என்றவளை அந்த நிலைமையிலும் திருத்தினார்.

"அது போறப்ப. வர்றப்ப எதிர்க்காத்து. பதிமூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்... பதினாறு மணி நேரம். அதுவரைக்கும் நான் தாங்கணும்."

விடியுமுன் முடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மனுஷர் உச்சிவெயில்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்தார். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்பார்கள். அவளுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

சரியாக ஒரு மணி. "இறங்கிட்டான்" என்றார்.

"பெட்டியை எடுக்கணும், வண்டி பிடிக்கணும், நேரமாகும்ப்பா."

"பெட்டி எங்க இருக்கு? வெறுங்கையோட நிக்கிறான் பாரு."

திறந்த கண் வாசலைப் பார்த்தது. வாசலில் மண்டையைப் பிளக்கும் வெயில். ஈ காக்கை இல்லை.

"என்னடா இப்படித் தொப்பலா நனைஞ்சிருக்க? அவனுக்குத் துண்டு குடும்மா."

சாகிறவர் பேச்சைத் தட்டுவானேன் என்று உள்ளே போய்த் துண்டோடு வந்தாள். நான்கு நாளாகப் புரண்டுகூடப் படுக்க முடியாதவர், சுவரோரம் ஒதுங்கிப் பாதிக் கட்டிலைக் காலியாக விட்டிருந்தார். மூச்சு இல்லை.

அவள் அழ வாயெடுப்பதற்குள் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அக்கா, நான் உங்க தம்பியோட ரூம்ல இருக்கறவன். நேத்து உங்க மெசேஜைக் கேட்டதும் போட்டது போட்டபடி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிட்டான்க்கா. நான் எவ்வளவோ சொன்னேன். இங்க பேய் மழை. பாலத்துல வண்டி சறுக்கி, ஆத்துல... இப்பதான் உடம்பை எடுத்தாங்க."

அவள் கேட்டாள். "விழுந்தது எத்தனை மணிக்கு?"

"உங்க ஊர் நேரத்துக்கு, நேத்து ராத்திரி ஒம்போது இருக்கும்க்கா."

பாவி, நானே கிளப்பி விட்டேனே. காலியாகக் கிடந்த பாதிக் கட்டிலைத் தொட்டுப் பார்க்கக் கை போனது. தொடவில்லை. துண்டை அங்கே வைத்துவிட்டு, இருவருக்கும் இடம் விட்டுக் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.