படுக்கையோரப் பாஷை

அந்த ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் நான்கு பாஷைகள் புழங்கின. நோயாளியிடம் தமிழ். சேர்மன் டாக்டர் ஜெயசுந்தர் ரவுண்ட்ஸ் வந்தால் இங்கிலீஷ். மற்ற இரண்டுக்கும் வேறு வேலை இருந்தது.

ஒரு ஆள் தேறமாட்டார் என்பதை அவர் தலைமாட்டில் நின்றே சொல்லிக்கொள்ள வேண்டிய நேரம் வரும். அப்போது நர்சுகள் தெலுங்குக்கு மாறிவிடுவார்கள். அந்த ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தவளே நாகஜோதிதான். விருதுநகரில் பிறந்தவள் என்றாலும் வீட்டில் தெலுங்கு. மார்த்தாண்டத்துப் பக்கமிருந்து வந்த இன்சார்ஜ் சிஸ்டர் ஞானஜோதிக்கும் ஜெமிமாவுக்கும் வேலைக்கு ஆகிற அளவு அவளே கற்றுக்கொடுத்திருந்தாள்.

ஆனால் இந்தப் பக்கம் தெலுங்கு வீடுகளுக்குப் பஞ்சமா? அதனால் புதுக் கேஸ் வந்ததும் ஜெமிமா தேன் தடவிய குரலில் கேட்பாள்: “வீட்டுல என்ன பாஷைங்க பேசுவீக?” பாசமாக விசாரிக்கிற பிள்ளை என்று அவர்களும் மகிழ்ந்து சொல்வார்கள். தெலுங்கு என்று வந்துவிட்டால், அந்தக் கட்டிலுக்கு மட்டும் மார்த்தாண்டத்துக்காரிகள் இரண்டு பேரும் மலையாளத்தில் பேசிக்கொள்வார்கள். நாகஜோதிக்கு மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இருந்ததில்லை. மலையாளம் காதில் விழுந்தால் அவள் புது விரிப்பு எடுக்கப் போய்விடுவாள்.

இதெல்லாம் சேர்மனுக்குத் தெரியாது. அவர் லண்டனில் ஆறு வாரம் இருந்துவிட்டு வந்தவர். மழைக்கு வழியில்லாத ஊரில் இன்னும் லண்டன் தூறலை ‘ட்ரிஸில்’ என்று சிலாகித்துப் பேசுவார். டிரைவரைத் திட்டும்போது மட்டும் காரியாபட்டித் தமிழ் பொங்கிவரும். தரச்சான்றுக் குழு வரப்போகிறது என்று வார்டு வாசலில் ‘இங்கிலீஷ் ஒன்லி’ போர்டு மாட்டி, எல்லோர் நெஞ்சிலும் ‘ஐ ஸ்பீக் இங்கிலீஷ்’ என்று சிரிக்கிற மஞ்சள் பேட்ஜும் குத்திவிட்டார்.

அன்று காலை அதற்கான வகுப்பைச் சேர்மனே எடுத்தார்.

“பேஷண்டோட அட்டெண்டர் யாரு கேட்டாலும் ‘சீரியஸ்’னு சொல்லக்கூடாது. ‘ஸ்டேபிள்’. சொல்லுங்க, ஸ்டேபிள். வாட் எ பியூட்டிஃபுல் வேர்ட்!”

நர்சுகள் ஸ்டேபிள் என்றார்கள்.

“அந்தச் சொல்லுக்குள்ள எம்புட்டுப் பேரைப் படுக்கப் போட்டாலும் இடம் இருக்கும்டீ,” என்று ஜெமிமா காதைக் கடித்தாள்.

நாகஜோதி சிரித்து முடிப்பதற்குள் கேஷுவாலிட்டியிலிருந்து போன் வந்தது. எம். புதுப்பட்டிப் பக்கம். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற அறை வெடித்திருக்கிறது. தீபாவளி ஆர்டருக்கு ஓவர்டைம் பார்த்த ஆட்கள்.

அவள் தம்பி முனியராஜ் புதுப்பட்டியில்தான் மருந்து கலக்குகிறான்.

அவன் நம்பருக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். எடுக்காததற்கு அர்த்தம் ஒன்றுமில்லை. மறுபடி அடித்தாள்.

“லெட் அஸ் ஃபினிஷ் த லெசன்,” என்றார் சேர்மன்.

ஆம்புலன்சிலிருந்து முதலில் இறங்கியவன் முனியராஜ் இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது ஸ்ட்ரெச்சர் அவளைத் தாண்டிப் போகும்போது, “ஏக்கா,” என்றது.

ஜெமிமா பழக்கதோஷத்தில் குனிந்து, “வீட்டுல என்ன பாஷை…” என்று தொடங்கியவள், நாகஜோதியைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முனியராஜ் நன்றாகத்தான் பேசினான். “மூஞ்சி தப்பிச்சிருச்சாக்கா? சாத்தூருக்குப் பொண்ணு பாக்கப் போகணும்லா,” என்று வீட்டுத் தெலுங்கில் கேட்டான். “ஒரு கலர் சோடா வாங்கிக் குடு. தொண்டை காயுது. வலிலாம் அம்புட்டு இல்ல.”

வலி இல்லை என்றதும் அவள் டிரிப்ஸ் வேகத்தைக் கூட்டினாள். ஆழமாக வெந்தவர்களுக்குத்தான் வலி இருக்காது. முதல் நாள் தெளிவாகப் பேசுபவர்களும் அவர்கள்தான். பதினோரு வருஷமாக மற்றவர்களின் தம்பிகளிடம் அதைப் பார்த்திருக்கிறாள்.

ஆனாலும் ஜெமிமா, “டிரிப்ஸ் நல்லா ஓடுது சிஸ்டர்,” என்று தமிழில் சொன்னாள். ஞானஜோதி, “அந்தக் கையையும் பாத்துக்கிடு,” என்று தமிழில் சொன்னாள். தமிழில் வந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் நாகஜோதி பிடித்து முந்தியில் முடிந்துகொண்டாள். தமிழ் இருக்கிறவரை தம்பி இருப்பான்.

சேர்மன் வந்தார். ஒரு பார்வை பார்த்து, “ஸ்டேபிள்!” என்று பேட்ஜைப் போலவே சிரித்துவிட்டு, உள்ளூர் டிவிக்காரன் நின்ற பக்கம் நடந்தார்.

ஞானஜோதி விரிப்பைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். மெதுவாக மூடினாள். கிளவுஸைக் கழற்றாமலே ஜெமிமா பக்கம் திரும்பி, தணிந்த குரலில் ஏதோ சொன்னாள்.

மலையாளத்தில் சொன்னாள்.

ஜெமிமா நாகஜோதியின் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். வழக்கமாக விரிப்பு எடுக்கப் போகிற நாகஜோதியின் கால்கள் அன்று நகரவில்லை.

“அவுக என்னக்கா பேசிக்கிறாக?” என்றான் முனியராஜ்.

“தெரியலடா. மலையாளம்.”

“நல்லாருக்குக்கா. பாட்டுக் கணக்கா.”

வார்டு கதவுக்கு வெளியே அவள் அம்மா வெள்ளைத்தாய், செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். புதுப்பட்டியிலிருந்து வந்த பெண்கள் பக்கத்தில் நின்றார்கள். கதவு திறந்ததும் அம்மா தெலுங்கில் கேட்டாள்: “என்னடீ சொல்லுதாக?”

நாகஜோதி வாயைத் திறந்தாள். தெலுங்கில் சொன்னால் அம்மாவுக்குப் புரிந்துவிடும். தமிழில் சொன்னாலும் புரிந்துவிடும். அவளிடம் மிச்சமிருந்தது நெஞ்சில் குத்தியிருந்த பாஷை ஒன்றுதான்.

“ஸ்டேபிள்மா,” என்றாள்.

வெள்ளைத்தாயின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் நின்றவளின் தோளைத் தட்டித் தமிழில் சொன்னாள்:

“எம் மக இங்கிலீசுலயே சொல்லிட்டா. இனிப் பயமில்ல. நீ போயி ஒரு கலர் வாங்கிட்டு வா தாயி, பிள்ளை முழிச்சா கேப்பான்.”