அதே களிம்பு, வேறு டப்பா

ஷாங்காயில் முகக் களிம்பு விற்கும் ஒரு கம்பெனியின் விளம்பரப் பிரிவில் இருந்தாள் ஷென் லேய். வயது இருபத்தேழு. மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மாதச் சம்பளத்தை ஒரே கைப்பைக்குக் கொடுத்தவள், இப்போது ஒரு யுவான் மிச்சம் என்றால் நாலு கடை ஏறி இறங்குவாள். மதியச் சாப்பாடு முதியோருக்கான மலிவு உணவகத்தில். பல் இல்லாதவர்களுக்காகக் குழைய வேகவைத்த முட்டைக்கோஸை முழுப் பல்லோடு ரசித்துச் சாப்பிடுவாள். முன்பெல்லாம் ஆபீசில் யார் அதிக விலைக்கு வாங்கியது என்று போட்டி. இப்போது யார் குறைந்த விலைக்கு வாங்கியது என்று. பெருமை மட்டும் விலை இறங்கவே இல்லை.

கைபேசியில் அவள் நடத்திய சிக்கனக் குழுவில் ஆயிரக்கணக்கானோர். அங்கே அவள் பெயர் 'முள்ளங்கி அக்கா'. ஒரு நாள் அதில் எழுதினாள்: தொள்ளாயிரம் யுவானுக்கு விற்கும் இன்ன களிம்பும், அறுபது யுவானுக்குக் கிடைக்கும் பெயரில்லாக் களிம்பும் ஒரே ஆலையில், ஒரே அண்டாவில் கிண்டியவைதான். அந்தத் தொள்ளாயிரம் யுவான் களிம்பு அவள் கம்பெனியுடையது. பாராட்டு மழையில் நனைந்துகொண்டிருந்தவளுக்கு அது உறுத்தவில்லை.

"உன் சம்பளமும் அந்த அண்டாலேருந்துதான்டீ வருது," என்றாள் பக்கத்து நாற்காலி ஃபான் ஜியே.

"நான் சொல்லலேன்னா வேற எவளாவது சொல்லுவா."

அடுத்த மாதம் விற்பனை பாதியாய்ப் படுத்தது. மேலாளர் பாங் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"வாங்க முள்ளங்கி அக்கா. உட்காரும்மா."

நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள். "சார், உங்களுக்கு எப்படி..."

"நானும் அந்தக் குழுவுலதான் இருக்கேன். நீ போடுற குரல் பதிவைக் கேட்டா தெரியாதா? அந்த அறுபது யுவான் டப்பா ரெண்டு வாங்கினேன். வீட்டுல அவளுக்கு வித்தியாசமே தெரியல."

வேலை போய்விடும் என்று நினைத்தாள். போகவில்லை. அதே களிம்பை வெறும் வெள்ளை டப்பாவில் அடைத்து, 'விவரமானவர்களுக்கு' என்று அச்சிட்டு, நூற்றைம்பது யுவானுக்கு விற்கப்போகிறார்களாம். விற்கும் பொறுப்பு அவளுக்கு. சம்பளத்தில் கால்வாசி வெட்டு.

"எதுக்கு சார் வெட்டுறீங்க?"

"அதே சரக்கு, குறைஞ்ச விலை. உன் கொள்கைதானேம்மா."

வெளியே வேலை கிடைக்காத காலம். கையெழுத்துப் போட்டாள். அன்று மாலையே வெள்ளை டப்பாவைப் புகழ்ந்து குழுவில் எழுதினாள். உடனே ஒருத்தி கேட்டாள்:

"இதை எழுத உங்களுக்கு எவ்வளவு குடுத்தாங்கக்கா?"

கேட்டவளே பெயரில்லாக் களிம்பு ஒரு கடையில் ஐம்பத்தைந்து யுவானுக்கு இறங்கிவிட்ட சேதியையும் போட, கூட்டம் மொத்தமும் அங்கே ஓடியது. லேய்க்கு முகம் எரிந்தது. அந்தப் பெண்ணைக் குழுவிலிருந்து நீக்கியே தீருவது என்று முடிவு செய்தாள். முதலில், அவள் காட்டிய கடையில் தனக்கு மூன்று டப்பா சொல்லிவிட்டு, அப்புறம்தான் நீக்கினாள்.