கேமராவில் வந்த குரல்

ஜினகுமார் ஆரணியில் கடை வைத்து, பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பவர். மனைவி ஸ்ருதி கலசப்பாக்கத்தில் பள்ளி ஆசிரியை. பகலில் வீட்டில் ஜினகுமாரின் அம்மா அனந்தம்மாள் மட்டும்தான் இருப்பாள். எழுபத்தெட்டு வயது, மறதி நோய். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோகிறாள் என்று கூடத்தில் ஒரு கேமரா மாட்டினார். போனில் பார்க்கலாம், அதன் வழியாகவே பேசவும் செய்யலாம்.

"அம்மா, மாத்திரை போட்டியா?" என்று கடையிலிருந்து கேட்பார்.

அவளும் சுவரைப் பார்த்து, "போட்டுகினேன்டா" என்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஆடி மாதம் ஒரு மதியம் பக்கத்து வீட்டுக் கலையரசி போன் செய்தாள். "அண்ணா, ஜல்தியா வாங்க. அம்மா வாசப்படியில விழுந்து கெடக்குறாங்க."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் அம்மா திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள்: "யாரோ கத்துறான்டா." நோய் முற்றிவிட்டது என்று நினைத்தார்கள். இருபதாம் நாள் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனாள்.

காரியங்களெல்லாம் முடிந்த பிறகுதான் ஜினகுமாருக்கு அன்றைய பதிவைப் பார்க்கும் தெம்பு வந்தது.

கேமராவிலிருந்து ஓர் ஆணின் குரல். என்ன மொழியென்றே தெரியவில்லை. அம்மா கட்டிலில் எழுந்து உட்காருகிறாள். "யாருப்பா, வெளிய நின்னுகினு கீறியா? உள்ள வா. பொழுது சாயறதுக்குள்ள ஒரு வாய் சாப்டுட்டுப் போ."

குரல் சிரிக்கிறது. பிறகு கேமராவிலிருந்தே காதைப் பிளக்கும் சைரன். அம்மா, "குமாரு, குமாரு" என்று கூப்பிட்டபடி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடக்கிறாள். அதற்குமேல் படத்தில் யாருமில்லை. சைரன் மட்டும் நான்கு நிமிஷம் ஓடியது.

"நான்தானே ஸ்ருதி அந்த எழவ மாட்டினேன்" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இணையம் வழியாகக் கேமராவுக்குள் புகுந்தவன் யாரென்று போலீசால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் ஜினகுமார் அமர்த்திய வக்கீல் ஸ்வர்ணலதா வேறொன்றைக் கண்டுபிடித்தார். அந்தக் கேமராவின் மென்பொருளில் ஓட்டை இருப்பதை, அம்மா விழுவதற்கு ஐந்து மாதம் முன்பே ஒரு பொறியாளர் கம்பெனிக்கு எழுதியிருந்தார். கம்பெனி சரிசெய்யவில்லை, வாங்கியவர்களிடம் சொல்லவுமில்லை.

வழக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. கம்பெனி வக்கீல் கேட்டார், "பாஸ்வேர்ட மாத்தாமலே வெச்சிருந்தீங்களா?"

"மாத்தினேன் சார். ரெண்டு வாட்டி."

"ஆப் போடும்போது சம்மதம்னு அழுத்தினீங்க இல்ல? எந்த நஷ்டத்துக்கும் கம்பெனி பொறுப்பில்லன்னு அதுல இருக்கே."

"நான் அழுத்தினேன் சார். எங்கம்மா எதையும் அழுத்தல."

ஜினகுமாரே தொடர்ந்தார். "என் டிசைன்ல தப்பு வந்து சேலை வீணாப் போனா என்னைத்தான் சார் கேப்பாங்க. தப்புன்னு தெரிஞ்சே கொடுத்தேன்னா, இந்த ஊர்ல அப்புறம் எனக்கு வேலையே கிடையாது."

பதிவை அங்கே போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. ஸ்ருதி எழுந்து வெளியே போய்விட்டாள். முன்பின் தெரியாதவர்கள் பத்துப் பேர் நடுவில், சாப்பிடக் கூப்பிடும் அம்மாவின் குரலை ஜினகுமார் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு வர ஒன்றரை வருஷம் ஆனது. குறையுள்ள பொருளைத் தெரிந்தே விற்றதற்குக் கம்பெனிதான் பொறுப்பு, சம்மதம் என்று அழுத்தியது அதைக் காப்பாற்றாது, விற்ற கேமராக்கள் எல்லாவற்றையும் சரிசெய்து தரவேண்டும் என்றது ஆணையம். ஸ்வர்ணலதா போனில் சந்தோஷமாகச் சொன்னார். "சரிங்க மேடம், ரொம்ப நன்றி" என்றார் ஜினகுமார். அன்று கடையைத் திறக்கவில்லை.

போன மாதம் பெரணமல்லூரில் ஓர் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனார்கள். உள்ளறையில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர். அவர் தலைக்குமேல் அதே கேமரா. ஜினகுமார் அந்த வீட்டுப் பையனைத் தேடிப் பிடித்துப் போனை வாங்கிப் பார்த்தார். சரிசெய்த மென்பொருள் வந்து, யாரும் தொடாமல் காத்திருந்தது. அழுத்தினார்.

"பந்தி போட்டாச்சு, வாங்க மாமா" என்று கூப்பிட்டார்கள்.

"நீங்க சாப்டுங்க, தோ வரேன்" என்று சொல்லிவிட்டு, அது முடிகிறவரை பெரியவரின் கட்டிலோரம் நின்றிருந்தார்.