அம்மன் புடவை கட்டிய வண்டி

குரோம்பேட்டைக்கு இன்னும் ஒரு கூப்பிடு தூரம்தான். அதற்குள் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. துலுக்காணம் வண்டியை ஓரங்கட்டினான். பானட்டின் இடுக்கிலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. பின்னால் ஐஸ் பெட்டிகளில் சங்கரா மீனும் காரப்பொடி மீனும் ஆடி வெயிலில் காத்துக் கிடந்தன. முத்தாலம்மாளுக்கு மீனைப் பற்றிய கவலைகூட அப்புறம்தான். புருஷன் வாயிலிருந்து வரப்போகும் வார்த்தைக்குத்தான் பயந்தாள். வந்தேவிட்டது.

"இந்த ஓட்ட வண்டிய எவன் தலையிலயாவது கட்டிட்டு நான் கடலுக்கே போறேன். இதோட பெரிய பேஜாரு."

சித்திரையில் அவன் போன படகு கவிழ்ந்தது. ராத்திரி முழுக்க ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்து, உப்பில் வெந்த உதட்டோடு கரை சேர்ந்தான். இனி கடலே வேண்டாம் என்று முத்தாலம்மாள் ஒற்றைக்காலில் நின்றாள். காதில் கழுத்தில் கிடந்ததை விற்று வாங்கியதுதான் இந்தப் பழைய பிக்கப். கரையில் மீன் எடுத்து, பொழிச்சலூர், கோவிலம்பாக்கம் என்று தெருத்தெருவாக விற்றார்கள். ஆடி பிறந்ததும் ஊர் எல்லையம்மனுக்குச் சாத்திய மஞ்சள் புடவையைப் பூசாரி அவள் கையில் கொடுத்தார். கட்டிக்கொள்ள மனசு வரவில்லை. நாலாக மடித்து, வேப்பிலைக் கொத்துகளோடு வண்டியின் முகப்பில் இறுக்கிக் கட்டினாள். புருஷனைத் திருப்பித் தந்தவள் முன்னால் போகட்டுமே!

வண்டி ஆறியதும் மெல்ல உருட்டிக்கொண்டு உஸ்மானின் மெக்கானிக் கொட்டகைக்குப் போனார்கள். இந்த வாரம் இது மூன்றாவது தடவை. ரேடியேட்டரைக் கழுவியாயிற்று, பெல்ட்டை மாற்றியாயிற்று. உஸ்மான் மறுபடி எல்லாவற்றையும் பார்த்தான். தண்ணீர் இருந்தது, ஃபேன் சுற்றியது. முகப்பைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான், எல்லோருக்கும் டீ சொன்னான். முத்தாலம்மாளுக்கா தெரியாது? எத்தனை பேர் மீன் வாங்க வந்து, கடன் கேட்க வாய் வராமல் இப்படி மென்று முழுங்கியிருக்கிறார்கள்!

"இன்னா தம்பி, என்னாமோ வாய்ல வச்சிகினு முழிக்கற. சொல்லு."

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ரேடியேட்டருக்குக் காத்து போவணும். முன்னாடி அடைச்சுகினு கீது."

"அடப்பாவி! மொத நாளே சொல்றதுக்கு இன்னா?" என்றான் துலுக்காணம்.

"சாமி சமாச்சாரம்ண்ணே. நான் போயி அவுருங்கன்னு எப்படிச் சொல்றது? வேற எதுலனா கோளாறு இருக்காதான்னு தேடிகினே இருந்தேன்."

முத்தாலம்மாள் வண்டி முன்னால் போய் நின்றாள். ஊர் சூட்டையெல்லாம் தணிக்கிறவளின் புடவை இந்த இஞ்சினைக் கொதிக்க வைத்ததா! அவிழ்த்தால் அவனைக் காப்பாற்றியவள் கோபித்துக்கொள்வாளோ என்று பயம். விட்டுவைத்தால் அவன் கடலுக்குப் போவான். அந்த ராத்திரி கரையில் உட்கார்ந்து கத்திய கத்தல் தொண்டையில் இன்னும் இருந்தது. கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

"ஆத்தா, கோச்சுக்காத. இந்த ஆளு கரையில இருக்கணும். அதுக்குத்தான்."

முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். திரும்பிப் பார்த்தால், உஸ்மான் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டியபடி நின்றான். கீழே முழுக்க ஆயில். புடவை தரையில் படாமல் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டான். முத்தாலம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

இஞ்சினை ஓடவிட்டு மூவரும் முள்ளையே பார்த்தார்கள். ஏறியது. பாதியில் நின்றது. டீ ஆறிப்போகும் வரை நின்றது. கொட்டகையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்தும் அங்கேயே நின்றது.

இருந்ததில் பெரிய சங்கராக்களாகப் பொறுக்கி உஸ்மானிடம் நீட்டினாள். "உன் பொஞ்சாதி ஜெய்னப்புகிட்ட குடு, நல்லா காரமா வைக்கச் சொல்லு. நீ நல்லா இருப்ப தம்பி. என் வூட்டுக்காரன மறுபடி கரையேத்தி வுட்டுட்ட."

உஸ்மான் திருப்பித் தந்த புடவையை எங்கே வைப்பது? பின்னால் மீன் கவிச்சி. டேஷ்போர்டில் எண்ணெய்ப் பிசுக்கு. சற்று யோசித்துவிட்டு, பிரித்து உதறித் தன் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

ஜிஎஸ்டி சாலையில் வண்டி வேகமெடுத்தது. துலுக்காணம் கடல் பேச்சே எடுக்கவில்லை. கோவிலம்பாக்கத்தில் நண்டு கேட்ட வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வந்தான். மஞ்சள் தலைப்பு ஜன்னலுக்கு வெளியே பறந்து படபடத்தது. அவன் சாலையிலிருந்து கண்ணெடுக்காமல், ஒரு கையால் அதை உள்ளே இழுத்து அவள் மடியில் போட்டான்.